ஏற்றத்தில் மட்டும் வந்த சத்தம்

ஓசூரிலிருந்து கெலமங்கலம் போகும் சாலையில், டயர் கடைக்கும் மாட்டுத் தீவனக் கடைக்கும் நடுவே வின்சியின் பட்டறை இருக்கிறது. பதினோரு வருடம் கியர்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவள். கடைசி ஆறு வருடம் சத்தம் பார்க்கும் அறையில் இருந்தாள். கதவை அடைத்துக்கொண்டு, ஓடுகிற கியர்பெட்டியைக் காதால் கேட்டு, தேறுமா தேறாதா என்று சொல்ல வேண்டும். பிறகு அந்த அறைக்குக் கம்ப்யூட்டர் வந்தது; அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டு நாலு மாதம் இருந்து பார்த்தாள். மனசு ஒட்டவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து டிராக்டரும் பவர் டில்லரும் பழுது பார்க்க ஆரம்பித்தாள். பொம்பளை பட்டறைக்கு யார் வருவார்கள் என்று ஊரில் சிலர் கேட்டார்கள். அவள் கணவன் ரெக்ஸ் அப்படிக் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்று ஷட்டருக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தான்.

போன ஆவணியில் தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து கரியப்பன் என்பவர் ஒரு வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். பைக் போல ஏறி உட்கார்ந்து ஓட்டும், நாலு சக்கரமும் இழுக்கிற ஏ.டி.வி. மலைப்பக்கம் மூடிப்போன ஒரு ரிசார்ட்டிலிருந்து வாங்கியது. மூன்று வருடத்துக்கு முன் பைக்கிலிருந்து விழுந்து அவருக்குத் தொடை எலும்பு உடைந்திருந்தது. பிளேட் வைத்துச் சேர்த்தும் பைக்கில் காலூன்றி நிற்க முடியவில்லை. தக்காளித் தோட்டமோ ஓடையைத் தாண்டி மேட்டில். இந்த வண்டி வந்த பிறகுதான் அவர் மறுபடி தன் நிலத்தைத் தானே பார்த்துவந்தார்.

"ஏத்தத்துல போனா பின்னாடி டக்கு டக்குனு இடிக்குதும்மா. அப்பறம் இழுக்க மாட்டேங்குது. சமத்துல ஓட்டுனா ஒண்ணுமே இல்ல. ஒருத்தர் பார்த்துட்டு, பின்னாடி இருக்கற க்ரவுன் பொட்டியே போச்சு, மொத்தமா மாத்துன்னுட்டாரு."

"பொட்டியத் தொறந்து பாத்தாராண்ணா?"

"எங்க தொறந்தாரு? காதால கேட்டதோட சரி."

வின்சிக்குச் சிரிப்பு வந்தது. நாலு சக்கரமும் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினாள். பின்சக்கரம் இரண்டையும் கையால் சுற்றிப் பார்த்தாள். பின்சக்கரங்களைச் சுற்றும் பற்சக்கரங்கள் உள்ள க்ரவுன் பெட்டியின் ஆயிலை வெள்ளைத் தட்டில் வடித்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். இரும்புத் துகள் இல்லை; பெட்டி கெடவில்லை. எஞ்சினிலிருந்து பெட்டிக்குப் போகும் ஷாஃப்டைப் பிடித்து ஆட்டியபோது அதன் இணைப்பான கிராஸ் ஜாயிண்டில் ஆட்டம் தெரிந்தது. அதை மாற்றினாள். ஸ்டாண்டிலேயே ஓட்டினாள். சுத்தமாக ஓடியது.

"சரியாயிடுச்சுண்ணா. எடுத்துட்டுப் போங்க."

மூன்றாம் நாள் மத்தியானம் போன் வந்தது. பேசியது கரியப்பனின் மனைவி வெங்கடம்மாள்.

"ஓடையில நின்னுபோச்சும்மா வண்டி. ஆறு பிளாஸ்டிக் கிரேடு நெறைய தக்காளியோட. குச்சிய ஊனிக்கிட்டு அரை மைலு நடந்து வந்திருக்காரு. காலு வீங்கிப்போச்சு."

அவள் திட்டவில்லை. அதுதான் வின்சிக்குத் தாங்கவில்லை. கம்பெனியில் அவள் எத்தனையோ பெட்டியைத் தேறியது என்று அனுப்பியிருக்கிறாள். அதில் ஒன்று தவறினால் அது யார் காலில் போய் முடியும் என்று பார்த்ததில்லை. வண்டியைக் கொண்டு வரச் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் காலையில் கருவிப்பையை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு அவளே கிளம்பினாள்.

கரியப்பன் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"நான் முழுசா பாக்காம சொல்லிட்டேண்ணா. தப்பு என்னுதுதான்."

"வண்டி இங்கதான நிக்குது. பாரு," என்றார் அவர்.

பக்கத்து நிலத்துக்காரர்கள் வண்டியை டிராக்டரால் ஓடையிலிருந்து இழுத்து வந்திருந்தார்கள். வின்சி அடியில் படுத்தாள். ஷாஃப்டின் நுனிப் பற்கள் ஒரு குழலுக்குள் பொருந்தும் இடம் அங்கே இருந்தது. ஷாஃப்டும் குழலும் சேருமிடத்தில் மஞ்சள் பெயிண்டால் குறுக்கே ஒரே கோடாக இழுத்தாள். சமதரையில் ஓட்டிவிட்டு வந்து பார்த்தாள். கோடு கோடாகவே இருந்தது. அப்புறம் பின் கேரியரில் இரண்டு கிரேடு தக்காளியை ஏற்றினாள். அன்று பட்டறையில் வண்டி காலியாக, அந்தரத்தில் அல்லவா ஓடியது? சக்கரத்துக்குச் சுமை என்று எதுவுமே இல்லை.

வீட்டையொட்டிய சரிவில் ஏறத் தொடங்கிப் பத்தடி போவதற்குள் டக்கென்று இடித்தது. உடனே நிறுத்திக் கல் முட்டுக் கொடுத்து, அடியில் புகுந்தாள். மஞ்சள் கோடு இரண்டாக உடைந்து ஒரு விரற்கடை விலகியிருந்தது.

"அண்ணா! ஷாஃப்டு சுத்துது, குழலு சுத்தல. உள்ள பல்லு வழுக்குது. இத்தன நாளா முன்சக்கரந்தான் இழுத்துக்கிட்டு வந்திருக்குது."

குழலைக் கழற்றியதும் இன்னொன்று தெரிந்தது. பற்கள் முழு நீளத்துக்கும் தேயவில்லை. நுனியில் மட்டும் உருண்டு போயிருந்தன. அப்படியென்றால் இழுவை வரும்போது பெட்டி பின்னால் நகர்கிறது. பற்கள் நுனியோடு மட்டும் கவ்வுகின்றன. பெட்டி ஏன் நகர வேண்டும்? கடப்பாரையைப் பெட்டிக்கு அடியில் கொடுத்து மெல்ல நெம்பினாள். அதைத் தாங்கும் இரும்புப் பட்டையில் அப்பியிருந்த காய்ந்த சேறு உதிர்ந்தது. அதற்குப் பின்னால் ஒரு விரிசல் வாயைத் திறந்து மூடியது. பட்டறையில் அந்தச் சேற்றைக் கழுவியிருந்தால் அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும்.

"க்ரவுன் பொட்டி நல்லா இருக்குண்ணா. அதப் புடிச்சிருக்கற பட்டைதான் உடஞ்சிருக்குது."

கரியப்பன் குனிந்து பார்த்தார். "இத்துணூண்டு விரிசலா இவ்வளவு பண்ணுச்சு?"

பட்டையைக் கழற்றித் தேன்கனிக்கோட்டைக்குக் கொண்டுபோய், பின்னால் ஒரு தகடு கொடுத்து வெல்டு வைத்தாள். குழலும், நுனி தேய்ந்த ஷாஃப்டுக்கு மாற்றும், பட்டைக்கு ரப்பர் புஷ்ஷும் பெங்களூரிலிருந்து மறுநாள் பஸ்ஸில் வந்தன. அன்று அவள் மறுபடி வந்து எல்லாம் பூட்டி முடித்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வெங்கடம்மாள் களி உருண்டையும் அவரைக் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கன்னடத்தில் "ஆயித்தா?" என்று கேட்டாள்.

"இன்னும் ஏத்திப் பாக்கலக்கா," என்றாள் வின்சி. இந்த முறை ஆயிற்று என்று சொல்ல அவள் அவசரப்படவில்லை.

அதே இரண்டு கிரேடோடு ஓடையைத் தாண்டி, தானே ஓட்டிக்கொண்டு மேடு ஏறினாள். புதிதாக இழுத்திருந்த மஞ்சள் கோடு விலகவில்லை. கீழே வந்து கரியப்பனை உட்காரவைத்து அனுப்பினாள். அவர் நிதானமாக ஏறி, மேட்டின் உச்சியில் தக்காளிச் செடிகளுக்கு நடுவே வண்டியை நிறுத்தினார். வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பறிக்காமல் விட்டிருந்த பழங்கள் தரையில் விழுந்து கிடந்தன. மேலே புதுக்காய் சிவக்கத் தொடங்கியிருந்தது. இறங்கி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"சத்தமே இல்லம்மா. போதும், நீ சாப்புடு."

வின்சி தட்டை இன்னும் தொடவில்லை. மீதியிருந்த நாலு கிரேடையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கேரியரில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ போய்ட்டு வாங்கண்ணா. நான் பின்னாடியே நடந்து வரேன்."