மருந்து கலந்த தீனி

பெங்களூர் பொம்மசந்திராவில் நான் வேலை பார்த்த பரிசோதனைக்கூடத்தில், எலிகளுக்குக் கொடுத்த விஷத்தை நாங்கள் யாரும் விஷம் என்று சொன்னதில்லை. மருந்து என்போம். பூச்சி மருந்து, எலி மருந்து என்று கொல்லுகிற எதையும் மருந்தாக்கிவிடுகிற பாஷை நம்முடையது. கன்னடக்காரர்களும் ஔஷதி என்றே சொன்னார்கள். அதனால் யாருக்கும் உறுத்தவில்லை.

அப்போது வந்திருந்த மருந்து, பென்சீன் வளையத்தின் ஆறு மூலையிலும் குளோரின் ஏறி உட்கார்ந்த சரக்கு. ஒரு மூலை காலியாக இருந்தாலும் ஈரல் அதைப் பிடித்து மாற்றி, மூத்திரத்தில் தள்ளப் பார்க்கும். இதுவோ படிக்கட்டுவரை ஆள் தொங்கும் பஸ் மாதிரி, கை வைக்க இடமில்லை. எலிகளின் மூத்திரத்தையும் புழுக்கையையும் தனித்தனியாகச் சேகரிப்பது என் வேலை. மூத்திரத்தில் கொஞ்சம் உருமாறி வரும். புழுக்கையில் உள்ளே போனது போனபடியே வரும். மற்றது கொழுப்பில் குடியேறிவிடும். குட்டி போட்ட எலியாக இருந்தால் பாலில் இறங்கும். இதையெல்லாம் அழகான கையெழுத்தில் எழுதி வைப்பேன். எனக்கு அதில் பெருமைகூட உண்டு.

கூண்டுகளைச் சுத்தம் செய்ய ஜோகுபாளையத்திலிருந்து ஒரு அக்கா வருவார். காண்டிராக்ட் ஆள். மிஞ்சிய தீனியை மூட்டை கட்டி எரிக்க அனுப்புவதும் அவர்தான். வந்த முதல் நாள், இது என்ன தீனி என்று கேட்டார். மருந்து கலந்த தீனி என்றேன். அத்தோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன், மடச்சி.

மூன்று மாதம் கழித்து எனக்கு அவித்த முட்டை இரண்டு கொண்டுவந்தார். மாடியில் வளர்க்கிற கோழியின் முட்டை. ருசித்துத் தின்றுவிட்டு, கோழிக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"நம்ம மருந்து தீனிதாம்மா. கோழிப் பண்ணையிலகூட சீக்கு வராம இருக்க மருந்து கலந்துதானே போடுறாங்க? வீணா எரிக்கிறாங்களேன்னு எத்துனு போனேன். எம்பொண்ணுக்கு எட்டாம் மாசம், தெனமும் ரெண்டு முட்டை குடுக்குறேன்."

கோழியின் கொழுப்பிலிருந்து அது மஞ்சள் கருவுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். சொன்னேன். அக்கா முதலில் நம்பவில்லை. நம்பியதும் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மேலாளரிடம் ஓடினேன். ஆய்வு கெட்டுப்போகுமா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அக்காவின் பெண்ணுடைய ரத்தத்தைப் பார்க்க முடியுமா என்றேன். இங்கே எலி ரத்தம் மட்டும்தான் என்றார். அன்று மாலையே அக்காவுக்குத் திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பினார்கள். மூட்டையில் ஆங்கிலத்தில் எச்சரிக்கை ஒட்டியிருந்ததாம். அக்காவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள்மேல் இன்றும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை, என்மேலும்.

குழந்தை பிறந்த மறுநாள் அக்கா போன் செய்தார். நான் எழுதிக் கொடுத்த மருந்தின் பெயரை ஆஸ்பத்திரி டாக்டர் கேள்விப்பட்டதே இல்லையாம்.

"பால் குடுக்கலாமா வேணாமா, நீ சொல்லும்மா. நீதானே படிச்ச பொண்ணு."

எலிகள் விஷயத்தில் இந்தக் கேள்வி எழுந்ததில்லை. குட்டிகளைத் தாயிடம் குடிக்க விட்டு, பிறகு அறுத்துப் பார்ப்போம். போனில் குழந்தை பசியில் வீறிட்டுக்கொண்டிருந்தது. வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. கொடுங்கள் என்றேன். அழுகை நிற்கும்வரை போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.