லண்டனா, கோலாலம்பூரா என்று முருகனைக் கேட்டேன்

அன்பர்களே, சிரிக்காமல் கேளுங்கள். இங்கே எழுந்து பேசுகிறவர்கள் நோய் தீர்ந்ததைச் சொல்கிறார்கள். எனக்கு வந்த கஷ்டம், சட்டம் படிக்க இரண்டு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. ஒன்று லண்டனில், இன்னொன்று கோலாலம்பூரில். எண்பதுகளின் நடுவில், ஓர் ஆனி மாதம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம் என் தோழி லெட்சுமி. நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவள் குடும்பம் மூன்று தலைமுறையாக இருந்தது. தோட்டத்தை விற்றுவிட்டார்கள். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அவர்களுக்காகப் பேச ஒரு வக்கீல் கிடைக்கவில்லை. அந்த வக்கீலாக நான் ஆக வேண்டும் என்றுதான் சட்டமே படிக்க நினைத்தேன்.

கோலாலம்பூரில் நம் நாட்டு நிலச் சட்டம், தொழிலாளர் சட்டம் எல்லாம் சொல்லித் தருவார்கள். மலாய் மொழியில் வாதாடப் பழகலாம். ஆனால் துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த அப்பா ஒரு நியாயம் சொன்னார். "லண்டன்ல படிச்சவன் எழுந்து நின்னா ஜட்ஜ் காது குடுப்பாரு. ஏழைங்களுக்குப் பேசறவளுக்கு அது வேணாமா?" அதையும் தள்ள முடியவில்லை. லண்டனில் மாமா வீடு இருந்தது, தங்கிக்கொள்ளலாம்.

லெட்சுமியையே கேட்டேன். "என்னைக் கேக்காத லா, மீனா. நாளைக்கு எங்க தூங்கப் போறோம்னே எனக்குத் தெரியல," என்றாள். அன்று அழுதேன்.

அம்மா பூக்கட்டிப் பார்க்கலாம் என்றார். உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். வெள்ளைப் பூ வந்தால் லண்டன், சிவப்பு வந்தால் கோலாலம்பூர். அம்மாவே குளித்துவிட்டு, நந்தியாவட்டையையும் செவ்வரளியையும் பறித்துக்கொண்டு உள்ளே போய், வாழையிலைத் துண்டில் பொதிந்து நூலால் கட்டிய இரண்டு பொட்டலத்தோடு வந்தார். கெலுகோரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து முருகன் கோயிலுக்குப் போனோம். கண்ணை மூடினேன். "எங்க படிச்சா அந்தத் தோட்டத்து ஜனங்ககிட்ட போய்ச் சேருவேனோ, அதைக் காட்டு முருகா" என்று மட்டும் வேண்டினேன்.

குருக்கள் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன், வெள்ளை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குச் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. சரி, லண்டன் என்று நினைத்துக்கொண்டேன்.

மற்றப் பொட்டலத்தைத் தட்டில் வைக்கும்போது நூல் அவிழ்ந்தது. குருக்கள் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது, ரெண்டுமே வெள்ளையா இருக்கு?"

அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. சாமியிடமே தில்லுமுல்லா! எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா இப்படிப் பண்ணே?" என்று கத்திவிட்டேன். அம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"லண்டன் போனா பெரிய லாயரா வருவே, நாலு பேரு மதிப்பாங்க. இங்க படிச்சா அந்த எஸ்டேட்டு ஆளுங்களுக்கே காலம் பூரா ஓடிக்கிட்டு இருப்பே. உனக்குன்னு ஒண்ணும் இருக்காது. பெத்தவளுக்குப் பயமா இருக்காதா?"

நான் முருகனிடம் கேட்ட கேள்வி அம்மாவுக்குத் தெரியாது. வாய்விட்டுக் கேட்கவில்லையே! அதற்குச் சரியான பதிலை, அந்தப் பதிலுக்குப் பயந்தவரே சன்னதியில் உட்கார்ந்து சொல்லிவிட்டார். மறுநாளே கோலாலம்பூருக்குச் சம்மதம் எழுதிப் போட்டேன். ஆடி மாதம் முழுக்க அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை.

லெட்சுமி வீட்டை நான் காப்பாற்றவில்லை. படித்து முடிப்பதற்குள் இடித்துவிட்டார்கள். அதை மறைத்து இங்கே சாட்சி சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஆனால் தொண்ணூறுகளில் வேறொரு தோட்டத்து வழக்கை நான் எடுத்து நடத்தினேன், மலாயில். மாற்று வீடு கொடுக்காமல் யாரையும் வெளியேற்றக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. லெட்சுமி ஃபேக்டரியில் லீவு போட்டுவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவங்களாச்சும் வீட்டுல தூங்குவாங்க லா" என்றாள். முருகா, உனக்கு நன்றி என்று அங்கேயே சொன்னேன்.

ஆகவே அன்பர்களே, வழி தெரியாதபோது நீங்களும் அவனைக் கேளுங்கள். பூக்கட்டியும் பாருங்கள், தப்பில்லை. கட்டுகிறவர் ஏமாற்றினாலும் அவன் ஏமாற்ற மாட்டான்.