சவெட்டா திணித்த கயிறு

என் நாத்தனார் சவெட்டா புருஷனைப் பறிகொடுத்தபோதுகூட நடுங்கவில்லை. அமெரிக்காவிலிருந்து மானிடவியல் ஆராய்ச்சிக்கு வந்த ஜூடித் அவள் வீட்டில் குடிவந்த பிறகு, போலீஸ் ஜீப் சத்தம் கேட்டாலே சவெட்டா ஜன்னலுக்கு ஓடுவாள்.

எங்கள் ருமேனியாவில் மானிடவியல் என்றால் மியூசியம் உத்தியோகம். மியூசியத்துக்காரர்கள் வருவார்கள், கிழவிகளின் ஒப்பாரியை டேப்பில் பிடிப்பார்கள், பிளம் சாராயம் குடிப்பார்கள், இரண்டொரு நாளில் பஸ் ஏறிவிடுவார்கள். அமெரிக்காவில் அப்படியில்லையாம். ஊரோடு ஒரு வருஷம் கிடந்து, பார்த்ததையெல்லாம் புத்தகமாகப் போட வேண்டுமாம். சர்க்காரே ஜூடித்தைச் சவெட்டா வீட்டில் தங்கவைத்தது. பிறகு ரகசியப் போலீஸ் கிரிஷான் வாராவாரம் வந்து, அவள் என்ன கேட்டாள், என்ன தின்றாள் என்று சவெட்டாவைக் குடைவான்.

எண்பத்து மூன்றாம் வருஷக் குளிரில் கடையில் எலும்புகூடக் கிடைக்கவில்லை. சவெட்டாவின் மாடு கன்று போட்டது. கன்றைச் சர்க்காரிடம் காட்ட வேண்டும், அறுத்தால் ஜெயில். செத்துப் பிறந்தது என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஊரே சர்ச்சில் இருந்தபோது, கொட்டகையில் என் புருஷன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஜூடித் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

நான் ஓடிப்போய் அவள் பின்னால் கதவைச் சாத்தினேன்.

"பயப்படாதீங்க. புத்தகத்துல பேரை மாத்திடுவேன். எங்க தொழில்ல அதான் வழக்கம்," என்றாள்.

"என்ன பேரு வச்சாலும், அமெரிக்காக்காரி தங்கின வீடு இந்தச் சுத்துவட்டாரத்துலயே ஒண்ணுதானேடி!" என்று கத்தினேன்.

"எங்க ஊர்ல நாலு வாத்தியாருங்கதான் படிப்பாங்க."

"அஞ்சாவதா கிரிஷான் படிப்பான்!"

சவெட்டா கன்றின் கயிற்றை ஜூடித் கையில் திணித்தாள். "இறுக்கிப் புடி."

"நான் சும்மா பாக்கத்தான்..."

"பாக்கறவங்களைக் கண்டாத்தாம்மா எங்களுக்குப் பயம். புடி."

பிடித்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுதாள். மத்தியானம் எங்களோடு உட்கார்ந்து அந்தக் கறியைச் சாப்பிடவும் செய்தாள்.

மறுநாளே கிரிஷான் வந்துவிட்டான். வழக்கத்துக்கு மாறாக ஜூடித்தையே கேட்டான். "நேத்து என்னம்மா சாப்பாடு? தெருவே மணத்துச்சாமே."

சவெட்டா அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முட்டைக்கோஸ் சூப்," என்றாள் ஜூடித்.

"கறி?"

"கறி எங்க சார் கிடைக்குது? சொல்லுங்க, நானும் போய் வாங்கறேன்."

அவன் அவள் முகத்தையே பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். ஜீப் சத்தம் ஓய்ந்ததும் ஜூடித் நாற்காலியில் சரிந்தாள்.

"உங்களுக்கு எப்பவுமே இந்தப் பயம்தானா?" என்றாள்.

"எப்பவுமேதான்," என்றாள் சவெட்டா. "உனக்கு ஊருக்குத் திரும்ப டிக்கெட் இருக்கு. எங்களுக்கு அடுத்த வாரமும் கிரிஷான்தான்."