குத்தாலத்துத் தண்ணியும் எங்க வீட்டுக்காரரும்

எங்க வீட்டுக்காரர் நாய்க்கடியிலதான் போனாக. இதை முதல்லயே சொல்லிருதேன். இல்லன்னா கேக்கிறவுக எல்லாரும் பாதியில, "பெறகு பொழச்சிட்டாரா?"ன்னு கேப்பாக. பொழைக்கல. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓஞ்சு போச்சு.

வெள்ளைக்காரன் காலத்துல, யுத்தம் வாரதுக்கு முந்தி நடந்தது. தென்காசியில வயக்காட்டை ஒட்டி எங்க வீடு. வைக்கப்படப்புல வைக்கோல் பிடுங்கப் போனவுகள, எங்கயோ இருந்து வந்த ஒரு செவலை நாய் கெண்டைக்கால்ல ஒரு கவ்வு கவ்விட்டு ஓடிட்டு. எங்க அத்தை, அதான் அவுக அம்மா, சுண்ணாம்பும் மொளகாத்தூளும் வச்சுக் கட்டுனாக. அப்ப நாய் கடிச்சா எல்லா வீட்டுலயும் செய்யுதது அதான். மீன், கருவாடு சேக்காமப் பத்தியமும் இருந்தாக. புண்ணு நல்லா ஆறிட்டு. ஆறின பெறகு அந்த நாயை எவ நெனச்சா?

ஆடியில சாரல் பிடிச்சிருந்த நேரம். நடவுக்குப் போயிட்டு வந்தவுக, "கடிபட்ட எடத்துல குறுகுறுங்குதுட்டி"ன்னாக. "ஈரத்துல நின்னா அப்படித்தான் இருக்கும்"னு சொல்லிட்டு ஒரு செம்பு தண்ணி கொண்டாந்து நீட்டுனேன். வாங்கி வாய்க்கிட்ட கொண்டு போனாக. தொண்டை அப்படியே இழுத்துப் பிடிச்சுட்டு. செம்பு ஒரு பக்கம், அவுக ஒரு பக்கம். கண்ணு ரெண்டும் பிதுங்கி, எதையோ கண்டு பயந்த மாதிரி செவரோட செவரா ஒட்டிக்கிட்டாக. ஆறடி ஆளு, ஒத்தையில மாட்டை அடக்குத ஆளு, செம்புத் தண்ணிக்குப் போய் நடுங்குதாக.

மறுநாள் விசிறிக் காத்துகூட ஆகல. எச்சி முழுங்க முடியாமத் துப்பிக்கிட்டே இருந்தாக. "அவனுக்குப் புத்தி பேதலிச்சிட்டு"ன்னு அத்தை தலையில அடிச்சுக்கிட்டாக. தெருவே வந்து எட்டிப் பாத்துட்டு, ஆமாம் ஆமாம்ன்னுது. ஊரான் வீட்டு விசயம்னா ஆமாம் போட ஆளுக்கா பஞ்சம்?

எங்க பக்கத்துல ஒரு பழக்கம் உண்டு. புத்தி கலங்கினவுகளக் குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போயி அருவியில நிப்பாட்டுவாக. மலையில இருக்குத மூலிகை எல்லாம் கலந்து வருத தண்ணி உச்சந்தலையில அறைஞ்சா கிறுக்கு எறங்கிரும்னு நம்பிக்கை. சீசனுக்குச் சீசன் கயித்துல கட்டிக் கூட்டிட்டு வாரவுகள நானே பாத்திருக்கேன். அப்ப எங்க வீட்டுல மட்டும் வேற என்ன யோசனை வந்திரப் போவுது? கொழுந்தன்மார் ரெண்டு பேரும் வண்டியப் பூட்டிட்டாக. அத்தையும் நானும் கூட ஏறிக்கிட்டோம்.

வண்டியில போகையில நல்லாத்தான் பேசிக்கிட்டு வந்தாக. "ஏட்டி, எனக்குக் கிறுக்கு இல்ல. தொண்டைதான் அடைக்குது. இவனுககிட்ட சொல்லு"ன்னாக. நானும் சொன்னேன். "நீ சும்மா கெட மதினி"ன்னு சின்னவன் வண்டிய வெரட்டுனான். அருவிச் சத்தம் கேக்க ஆரம்பிச்ச எடத்துலயே இவுகளுக்கு ஒடம்பு வெட்டி இழுத்துது. இன்னும் அருவி கண்ணுல படவே இல்ல. என் கையப் பிடிச்ச பிடியில வளையல் ஒடைஞ்சு சதையில ஏறிட்டு.

பாவிப்பயலுக. ஆளுக்கொரு பக்கமாத் தூக்கிக் கொண்டு போயி பெரிய அருவியில நிப்பாட்டுனானுக. அவுக போட்ட சத்தம் அத்தன தண்ணிச் சத்தத்தையும் மீறிக் கேட்டுது. குளிக்க வந்த கூட்டம் ஒதுங்கி நின்னு வேடிக்க பாத்துது. "இன்னுங் கொஞ்சம் காட்டுங்கலே, எறங்கிரும்"னு ஒரு பெரிய மனுசன் கரையில நின்னு யோசனை சொன்னாரு. அவரு நல்லா இருக்கட்டும். மூச்சு நின்ன மாதிரி தொவண்டு விழுந்த பெறகுதான் வெளிய கொண்டாந்தானுக. அப்பமும் நான்தான் கத்துனேன், "ஆஸ்பத்திரிக்கு விடுங்கலே வண்டிய"ன்னு.

ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க ஆளு. காய்ச்சல்ல சுருண்ட பிள்ளைகள், காலு வீங்கினவுக, இருமல்காரங்க. வழியில நெனவு திரும்பித் திமிறுனவுகளக் கயித்துல கட்டி, ஈரத் துணியோட கொண்டாந்ததைப் பாத்ததும் எல்லாரும் எந்திச்சு வழி விட்டாக. கம்பவுண்டர் ஒரு பார்வை பாத்துட்டு, "கிறுக்குக்கு இங்க மருந்து கெடையாதும்மா"ன்னாரு. "மொதல்ல பாருங்கய்யா, பெறகு சொல்லுங்க"ன்னு நான் மல்லுக்கு நின்னேன். அந்த நேரம் பாத்து ஒருத்தி பானையில இருந்து தண்ணி மோந்தா. அந்தச் சளசளப்புக்கே இவுக வில்லா வளைஞ்சுட்டாக. கம்பவுண்டர் மொகம் வெளுத்துட்டு. டாக்டரக் கூப்பிட ஓடுனாரு.

டாக்டர் சின்ன வயசுக்காரர். தொடக்கூட இல்ல. "நாய் எதுவும் கடிச்சுதா?"ன்னு ஒரே ஒரு கேள்வி.

அத்தைதான் வேட்டிய ஒதுக்கிக் கெண்டைக்காலக் காட்டுனாக. "கடிச்சுது ஐயா. ஆனா ஆறிட்டு, பாருங்க, தழும்புகூட சரியாத் தெரியல"ன்னு ஒரு பெருமையோட சொன்னாக. வைத்தியம் பாத்தது அவுகல்லா.

டாக்டர் குனிஞ்சு பாத்தாரு. "ஆமா, ஆறித்தான் இருக்கு"ன்னாரு. என்னையும் பெரிய கொழுந்தனையும் வெளிய கூட்டிட்டுப் போயி, "கடிச்ச ஒடனே வந்திருந்தா வயித்துல ஊசி போட்டிருக்கலாம்மா"ன்னாரு.

"இன்னைக்கு வந்திருக்கோம்லா?"

"இன்னைக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரு சட்டையப் பிடிச்சு உலுக்கியிருப்பேன். அத்தன பெரிய கட்டடம், அலமாரி நெறையக் குப்பி, ஒண்ணும் இல்லையாம். ஆனா அந்த மனுசனும் என் மொகத்தப் பாக்க முடியாமத்தான் நின்னாரு.

பின்னால ஒரு ஒத்த ரூம்புல கட்டில்ல கட்டிப் போட்டாக. காத்து படக்கூடாதுன்னு சன்னல்ல சாக்கு தொங்க விட்டாக. தூங்க ஒரு ஊசி போட்டாக. உள்ள போகக் கூடாதுன்னாக, நான் போனேன். இழுப்பு விட்ட நேரமெல்லாம் புத்தி தெளிவா இருந்துது, அதான் கொடுமை. நாக்கு வறண்டு ஒதடு வெடிச்சிருந்துது. "தாகமா இருக்குட்டி"ன்னாக. நான் எந்திச்சதும், "கொண்டாராத, கொண்டாராத"ன்னு அழுதாக. அவுக அழுது நான் பாத்தது அன்னைக்குத்தான். வெளிய சாரல் கொட்டுது, ஓட்டுல இருந்து தண்ணி ஒழுகுத சத்தம் கேட்டு மறுபடியும் இழுக்குது. அந்த மழைய நான் விட்ட சாபத்துக்கு அளவில்ல.

மறுநாள் உச்சிப்பொழுதுல அடங்கிட்டு. ஒரு வாய்த் தண்ணி எறங்காமலே போயிட்டாக.

வீட்டுக்குக் கொண்டாந்ததும் நீர்மாலைக்குக் கெளம்பிட்டாக. சாவு வீட்டுல பங்காளிக கொடத்துல தண்ணி எடுத்துக் கூட்டமா வந்து பெரேதத்தக் குளிப்பாட்டுத சடங்கு. நான் குறுக்க விழுந்து மறிச்சேன். "ஒரு சொட்டுத் தண்ணி அவுக மேல படக்கூடாது. உங்களுக்கு இன்னுமா போதல"ன்னு கத்துனேன். "தண்ணி ஊத்தாம அனுப்புனா அவனுக்குக் கதி ஏதுட்டி?"ன்னு பொம்பளைக நாலு பேரு என்னய அமுக்கிப் பிடிச்சுக்கிட்டாக.

கொடம் கொடமா ஊத்துனாக. தலையில, மொகத்துல, தொறந்து கெடந்த வாயில. நான் ஒவ்வொரு கொடத்துக்கும் நடுங்குனேன். அவுக பேசாமக் கெடந்தாக.