டீச்சர் திருத்தாத வரி

எங்கள் மினசோட்டா ஊர்ப் பள்ளியில் லோர்னா டீச்சர் முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் நடத்தினார். "நானும் அவனும்" என்று எவனாவது ஆரம்பித்தால் போதும், சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார்.

"அடுத்தவங்க பேரை முன்னாடி சொல்லு. உன்னைக் கடைசியா வச்சுக்கோ. அதுதான் மரியாதை."

நானும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான். பனி அள்ளும் வண்டி ஓட்டிய அவருடைய கணவர் டெல்பர்ட், வீட்டில் தினமும் வாங்கினார்.

இப்போது நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில்தான் டீச்சர் இருக்கிறார். மறதி நோயில் கணவரைக்கூட அடையாளம் தெரிவதில்லை. டெல்பர்ட் மதியம்தோறும் வந்து வேண்டுமென்றே தப்பாகப் பேசுவார். முதலில் பலித்தது. யாரென்று தெரியாமலே டீச்சர் அவரைத் திருத்துவார். மனுஷன் முகம் மலர்ந்துபோகும். எனக்குத்தான் எரிச்சலாக வரும். இது என்ன பிழைப்பு?

டிசம்பரில், உறவுக்காரர்களுக்கு வருடாவருடம் அனுப்பும் கிறிஸ்துமஸ் கடிதத்தை டெல்பர்ட் எழுதிக்கொண்டு வந்து டீச்சரிடம் வாசித்தார்.

"நானும் லோர்னாவும் இந்த வருஷம் நல்லா இருக்கோம்."

நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். டீச்சர் புட்டிங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மறுபடி, சத்தமாக வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார்," என்றார் டீச்சர். "லோர்னாங்கிறது உங்க வீட்டுக்காரம்மாவா?"

"விடுங்க டெல்பர்ட்," என்றேன்.

அவர் பேனாவை எடுத்து, 'லோர்னாவும் நானும்' என்று தானே திருத்தினார். அதற்குப் பிறகு அவர் தப்பாகப் பேசி நான் கேட்டதில்லை.