அரை அங்குலச் சுவர்

என் அத்தான் மனிதர்களைப் பெயரால் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, அளவால்தான். தெருவில் யாராவது சிரித்துவிட்டுப் போவார்கள். "யாரு அத்தான் அது?" என்று கேட்டால், "இடுப்பு நாற்பத்திரெண்டு, வலது தோள் கொஞ்சம் இறக்கம். தங்கமான மனுஷன்" என்பார். முப்பது வருடமாகத் தையல்காரர். கழுத்தில் டேப் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. அதனால் ஊருக்கு அவர் 'டேப்பு'. என் அக்காவுக்கு மட்டும் 'ஏங்க'. மூத்த மகளைப் பெண் கேட்டு ஒரு பையன் வந்தபோது, வேலை என்ன, சம்பளம் என்ன என்று நான் குடைந்துகொண்டிருந்தேன். இவர் பையனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கை இருபத்தஞ்சு, ஏற்ற இறக்கம் கிடையாது. எனக்குச் சம்மதம்" என்று எழுந்து போய்விட்டார்.

கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிவிட்டது. அந்தப் பெண் ஒரு ராத்திரிகூட அம்மா வீட்டில் தங்கவில்லை. கோபமெல்லாம் ஒன்றுமில்லை, படுக்க இடமில்லை. மொத்த வீடே ஒரு அறை, ஒரு சமையலறை. அந்த அறையிலும் இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டுமேசை. மேசைக்கு மேலே இரண்டாவது மகள் படுப்பாள், கீழே மூன்றாவது. கூரை ஓடு, அதனால் மாடி எடுக்கவும் வழியில்லை. மூத்தவளும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையோடு காலையில் வருவார்கள், சாயங்காலம் ஐந்து மணிக் கடைசி பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். வாசலில் நின்று கையாட்டிவிட்டு உள்ளே வரும் அக்கா, யாரும் கேட்காமலே "பஸ்ல காத்து வரும், பிள்ளை தூங்கிடும்" என்பாள். அப்புறம் பாத்திரங்களைப் போட்டு அந்தத் தேய் தேய்ப்பாள்.

சமையலறைக்குப் பின்னால், குளியலறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் கொஞ்சம் இடம் சும்மா கிடந்தது. வீட்டுச் சுவரிலிருந்து காம்பவுண்டு வரை ஏழடி. அங்கே ஓர் அறை போடலாம் என்று ஒரு நாள் அத்தானுக்குத் தோன்றியது. அன்றிலிருந்து மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. சட்டை தைக்கக் கொடுத்தவருக்குப் பையை வலது பக்கம் வைத்துவிட்டார். அவர் சண்டைக்கு வந்தால், உட்கார வைத்து அறையைப் பற்றி அரை மணி நேரம் பேசி அனுப்பிவிட்டார். அறையைக்கூட அவருக்குத் துணி பாஷையில்தான் பேசத் தெரியும். ஜன்னல் என்றால் 'கழுத்து', அலமாரி என்றால் 'பை'.

"மச்சான், கழுத்தைக் கொஞ்சம் இறக்கி வச்சா காத்து நல்லா வரும்ல?"

நான் கொத்தனார். இருபது வருடத்தில் சுவருக்குக் கழுத்து வைக்கச் சொல்லி யாரும் என்னிடம் கேட்டதில்லை. "முதல்ல ஒரு பிளான் போட்டுக் குடுங்க அத்தான், பார்க்கலாம்" என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன்.

நான் நினைத்தது ஒரு தாள். அவர் பிளானைத் தைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்ப் பார்க்கிறேன், பின்பக்கம் முழுக்க ஒட்டுத்துணி விரித்துக் கிடக்கிறது. யார் யாருடைய சட்டைக்கோ வெட்டி மிஞ்சிய லைனிங் துணிகளையெல்லாம் சேர்த்து, அச்சு அசலாக அறையின் அளவுக்கே தைத்திருந்தார். படுக்கைக்கு ஐந்தடி அகலத்தில் நீலத் துணி. அதை ஒட்டித் தொட்டிலுக்கு ஒன்றரையடி மஞ்சள். அதற்கும் அந்தப் பக்கம் அரையடி சும்மா, அவர் கணக்கில் 'லூஸ்'. கதவு வரும் இடத்தில் ஒரு ஜிப்.

அக்கா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, குனிந்து ஜிப்பைத் திறந்து, உள்ளே போய் உட்கார்ந்தாள். "காத்து நல்லா வருதுங்க" என்றாள். உட்கார்ந்திருந்தது வெட்டவெளியில்.

மகளையும் மாப்பிள்ளையையும் "அளவு குடுக்க வாங்க" என்று சொல்லி வரவழைத்திருந்தார். புதுச் சட்டை என்று நினைத்து மாப்பிள்ளை முகமெல்லாம் மழித்துக்கொண்டு வந்திருந்தார். வந்தவரை அத்தான் நீலத் துணியில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டார். "எங்கேயாவது பிடிக்குதா மாப்பிள்ளை?" என்று கேட்க, அவரும் படுத்தபடியே, "இல்ல மாமா, சரியா இருக்கு" என்றார்.

"எல்லாம் சரி, சுவர் எங்கே அத்தான்?" என்றேன்.

துணியின் ஓரத்தை மடித்துக் காட்டினார். "இதோ. சுத்திலும் அரை இன்ச் தையலுக்கு விட்டிருக்கேனே."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலி கண்டுவிட்டது. அவருக்கு விளங்கவேண்டுமே என்று, கிடந்த செங்கற்களை எடுத்துவந்து காம்பவுண்டுப் பக்கத்து ஓரத்தில் குறுக்காக ஒரு வரிசை அடுக்கினேன். சுவர் என்றால் ஒன்பது அங்குலம். அரையடி லூஸ் அப்படியே மறைந்தது. மஞ்சள் துணியிலும் மூன்று அங்குலம் உள்ளே போய்விட்டது.

"ஒன்பது இன்ச்சா? முப்பது வருஷமா சுவத்துக்குள்ளதான் இருக்கேன், ஒருத்தர் சொல்லலையே" என்றார் அத்தான். பிறகு ரகசியம் போல, "எங்கேயாவது மடிச்சு ஒரு டக் பிடிச்சுப் பாரேன் மச்சான்."

"படுக்கையைக் குறைங்க."

"மாப்பிள்ளை ஒருக்களிச்சுப் படுத்துக்குவார்."

"படுத்துக்கிறேன் மாமா" என்றார் மாப்பிள்ளை.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "தொட்டில் இல்லன்னா பிள்ளை தூங்கமாட்டான். அவன் தூங்கலன்னா இவங்க கிளம்பிருவாங்க" என்றாள்.

"நாலரை இன்ச் சுவரா வச்சா இடம் கிடைக்குமே?" என்று மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. வீட்டுக்குள் தடுப்புச் சுவரை நாலரையில் வைக்கலாம். வெளிச்சுவரை அப்படி வைத்தால், பார்க்கிறவன் என்னைக் கொத்தனார் என்றா சொல்வான்? "என் கையால அது நடக்காது. ஒன்பதுன்னா கட்டறேன், இல்லன்னா ரூமே வேண்டாம், விடுங்க" என்றேன்.

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. உள்ளே போய்க் கடிகாரத்தைப் பார்த்தாள், மணி நாலு. பிள்ளையின் துணிமணிகளை எடுத்துப் பையில் அடுக்க ஆரம்பித்தாள். சொன்னது நான்தான், ஆனாலும் அதைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. கோபத்தை அத்தானிடம் காட்டிக் கத்தினேன், அவரும் கத்தினார். கால் மணி நேரம் கத்தியிருப்போம்.

"சத்தம் போடாதீங்க" என்றார் மாப்பிள்ளை.

திரும்பிப் பார்த்தோம். நீலத் துணியின் மேல் மூத்தவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை நீலத்தில், ஒரு கை மஞ்சளில். தொட்டில் இல்லாமல் தூங்கவே மாட்டான் என்ற பிள்ளை மஞ்சள் துணியில், அவள் கைக்குள் கவிழ்ந்து கிடந்து தூங்கினான். முகத்தில் சாய்வெயில் அடித்தது. பையோடு வெளியே வந்த அக்கா அப்படியே நின்றாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு போர்வையைக் கொண்டுவந்து, ஒரு முனையை மாப்பிள்ளை கையில் கொடுத்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிழல் கொடுத்தார்கள்.

நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். குறுக்காக வைத்திருந்த முதல் செங்கல்லை எடுத்து நெடுக்காகத் திருப்பி வைத்தேன். அப்புறம் அடுத்தது. செங்கல்லைத் தூக்கிப் போட்டே பழகியவன் நான், அன்று முட்டையை வைப்பது போல வைத்தேன். நடுவில் ஒரு தூண் கொடுத்தால் நாலரைச் சுவர் நன்றாகவே நிற்கும். அது எனக்கு முதலிலேயே தெரியும். வெறும் வீம்பு. வரிசை முடிந்தபோது மஞ்சள் துணி முழுதாக வெளியே வந்திருந்தது, ஒன்றரை அங்குலம் மிச்சம். அத்தான் டேப் வைத்து அளந்து பார்த்தார். இன்னொரு தடவையும் அளந்தார். வாயெல்லாம் பல், கண்ணெல்லாம் தண்ணீர். சத்தம் போடக்கூடாது என்று என் தோளைப் பிடித்து அழுத்து அழுத்தென்று அழுத்தினார்.

பெரிய தெருவில் கடைசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது எல்லாருக்கும் கேட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை தன் கைக்கடிகாரத்தை உள்பக்கமாகத் திருப்பிவிட்டுக்கொண்டார். வெயில் முகத்தை விட்டு எப்போதோ நகர்ந்துவிட்டது, போர்வையை மட்டும் இருவரும் விடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் பாதிக் கண்ணைத் திறந்தாள். "அம்மா, நேரமாச்சா?"

என் அக்காவுக்குப் பொய் வராது. சின்ன வயதில் அதனாலேயே நான் நிறைய அடி வாங்கியிருக்கிறேன். அவள் போர்வையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, "இன்னும் நாலே ஆகலைம்மா. தூங்கு" என்றாள்.