பக்கத்து வீட்டுக்கு நெட்டை நிறுத்தினது

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. நாலாவது வரைக்கும்தான் படிச்சேன். முன்னே நடந்தது பின்னே வந்துடும், பாதி மறந்தும் போயிருக்கும். படிக்கிறவங்க கோவிச்சுக்காதீங்க.

என் பொண்ணு வீட்லயே உக்காந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்குது. கம்பெனி பெங்களூருல. அங்கே மெயின்ஃப்ரேம்னு ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருக்குதாம். ரொம்பப் பழசு, ஆனா கம்பெனிக் கணக்கெல்லாம் அதுலதான். பொண்ணு இங்கே முடிச்ச ஃபைலை சாயந்திரம் அதுக்கு அனுப்பணும். புதுசா குடுத்த வேலை. அனுப்பினா போகுது. அங்கே திறந்து பார்த்தா ஒரு வரிகூட படிக்க முடியலை, எல்லாம் கிறுக்கலா இருக்குன்னு போன் மேல போன்.

மேலதிகாரி சொல்லிட்டார்: "உங்க ஊரு நெட் சரியில்லைம்மா. இந்த வாரத்துக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா ரூம் எடுத்துக்கிட்டு இங்கேயே வந்துடு."

எங்க ஊரு ஸ்டேஷன் மாரிகுப்பத்துல காலையில பெங்களூரு ரயில் ஏறிடலாம். பொண்ணு வேலை முடியற நேரத்துக்குத் திரும்பி வர ரயில் இல்லை. அது போயிட்டா வீட்ல நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் தவறினதுக்கு அப்புறம், அது கம்ப்யூட்டர்ல தட்டற சத்தம்தான் எனக்குத் துணை.

நெட்டை ஊருக்கே குடுத்தது நான்தான். ஸ்கெலட்டன்னு எங்க பேட்டை, தங்கச் சுரங்கத்துல வேலை செஞ்சவங்களுக்கு வரிசையா கட்டின லைன் வீடு. ரெண்டு வீட்டுக்கு ஒரே சுவரு, அந்தப் பக்கம் தும்மினா இந்தப் பக்கம் கேக்கும். உப்பு கேட்டு வந்தவங்களை இல்லைன்னு அனுப்பற பழக்கம் லைன்ல கிடையாது. எங்க நெட் பாஸ்வேர்டும் அப்படித்தான் வீடு வீடா போயிடுச்சு. மத்தியானத்துல நாலஞ்சு பொம்பளைங்க எங்க வாசப்படியில உக்காந்து போன்ல சீரியல் பாப்பாங்க. நான் உள்ளே கதவோரம் உக்காந்து கேட்டுக்கிட்டிருப்பேன். பேச மாட்டேன், கூச்சம். ஆனாலும் மனுஷங்க பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கும்.

"லைனே நம்ம நெட்டுல தொங்குதும்மா. அதான் ஃபைல் கெட்டுப் போகுது. குடுத்தவ நீதானே, நீயே போய்ச் சொல்லு"ன்னுது பொண்ணு.

போனேன். பக்கத்து வீட்டுக்காரி வாய்க்காரி. அவ கதவுகிட்ட நின்னு முந்தானையை முறுக்கிக்கிட்டிருந்தேன்.

"இன்னாக்கா, என் கதவுக்குப் பூசை போடுறியா? வாயைத் தொறந்து சொல்லேன்."

"இல்ல... அந்த நெட்டு... பொண்ணு ஃபைலு போகலையாம். கொஞ்ச நாளைக்கு..."

அவளுக்குப் புரிஞ்சு போச்சு. லைனுக்கே கேக்கிற மாதிரி கத்தினா: "ஏய், எல்லாரும் வெளிய வாங்கடீ! அக்கா பொண்ணு ஃபைலு கேஜ்ல ஏறி ஷாஃப்டுல இறங்குதாம். ஒருத்தியும் குறுக்க நிக்கக் கூடாதாம்!"

சுரங்கத்துல ஆளை இறக்கற கூண்டு கேஜ், அது இறங்கற குழி ஷாஃப்ட். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். கதவைச் சாத்தும்போது அவ குரலைத் தாழ்த்தி, "நம்மளால ஒரு பொண்ணு பொழைப்பு கெட வேணாம்க்கா, நீ போ"ன்னா. அதுல சிரிப்பு இல்லை.

அன்னிக்கே பொண்ணு பாஸ்வேர்டை மாத்திடுச்சு. சாயந்திரம் ஃபைல் சரசரன்னு போச்சு. அங்கே திறந்தா அதே கிறுக்கல்.

பொண்ணு அழுதுடுச்சு. நான் காபி வச்சுக் குடுத்தேன். மறுநாள் அது ஆபீஸ்ல ரொம்ப வருஷமா இருக்கிற ஒரு அம்மாவைப் போன்ல பிடிச்சு எல்லாத்தையும் சொல்லுச்சு. போனைச் சத்தமா வச்சிருந்ததால எனக்கும் கேட்டுது.

"பைனரின்னு வச்சு அனுப்புறியா, டெக்ஸ்ட்டுன்னு வச்சு அனுப்புறியா?"

"பைனரிதான் மேடம். அதுலதான் ஒண்ணும் மாறாம அப்படியே போகும்னாங்க."

"அப்படியே போறதுதாம்மா தொல்லை. அந்தப் பெரிய கம்ப்யூட்டர் எழுத்தை வேற மாதிரி வச்சிருக்கும். டெக்ஸ்ட்டுன்னு சொன்னாத்தான் மாத்திக்கும்."

எனக்கு விளங்குச்சு. தமிழ்ல எழுதின காயிதத்தை, கன்னடம் மட்டும் படிக்கத் தெரிஞ்சவங்க கையில குடுத்த மாதிரி. கிழியாம கசங்காம போய்ச் சேர்ந்தும் என்ன பண்ண?

மாத்தி அனுப்புச்சு. வரி வரியா அழகா வந்திருக்குன்னு போன் வந்துது. பொண்ணு என்னைக் கட்டிப் பிடிச்சுக்குச்சு. ரூம் எடுக்கிற பேச்சு அதோட போச்சு. எனக்கு அப்புறம்தான் சோறு இறங்குச்சு.

நெட்டு மேல தப்பே இல்லை. "புதுப் பாஸ்வேர்டை அவங்களுக்குக் குடுத்துடும்மா, பாவம்"ன்னுது பொண்ணு. நானும் வாசல் வரைக்கும் போவேன், திரும்பி வந்துடுவேன். கேட்டு வந்தா குடுக்கலாம். கேக்காதவங்க வீட்டு வாசல்ல போய் எப்படிக் குடுக்கிறதுன்னு வெக்கம். அவங்களும் கேக்கலை. பொண்ணு வேலைக்கு இடைஞ்சலாகும்னு நினைச்சிருப்பாங்க. கொஞ்ச நாள்ல எல்லாரும் சேர்ந்து அந்த வாய்க்காரி வீட்ல தனியா நெட் போட்டுக்கிட்டாங்க. இப்ப மத்தியானம் அங்கேதான் கூட்டம். சிரிக்கிறது மட்டும் சுவரு வழியா வருது. எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு புரியாது.

பொண்ணு இங்கேதான் இருக்குது. காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு வேலை பார்க்குது. கூப்பிட்டா, இரும்மான்னு கையைக் காட்டும்.

மேலே பைனரி, டெக்ஸ்ட்டுன்னு ரெண்டு எழுதியிருக்கேன். எது எதுன்னு இடம் மாத்திட்டேனோ என்னமோ, இப்ப சந்தேகமா இருக்கு. பொண்ணைக் கேக்கலாம்னா வேலையில இருக்குது. விவரம் தெரிஞ்சவங்க யாராவது பார்த்து, தப்பிருந்தா சரி பண்ணிடுங்க.